நூலக வாசலும் தரவுத்தளக் கதவும்

வாசகர் கேள்வி, நூலகர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வெளியேறியவர்களும், அங்கே ஒருநாளும் படித்திராதவர்களும் அதன் நூலகத்திலுள்ள மின்னிதழ்களையும், கட்டுரைகளைத் தொகுத்துத் தேடித்தரும் இணையத் தரவுத்தளங்களையும் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால், கடிதங்களை ஊர்ப்பெயரோடு மட்டும் தருகிறேன்.

திருமங்கலம் வாசகி: தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பொருளியல் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றேன். ‘நோ டியூஸ்’ படிவத்தில் நூலகத்தின் கையெழுத்தை வாங்கிய அன்று மாலையே என் மின்னிதழ்க் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் கற்பிக்கிறேன். முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகப் பணமும் கட்டியிருக்கிறேன். நேரில் போனால் புத்தகம் பார்க்க விடுகிறவர்கள், கணினியில் இருக்கும் இதழை மட்டும் ஏன் மறுக்கிறார்கள்? நான் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தால் இன்னொருவருக்கு அது இல்லாமல் போகும். மின்னிதழை நான் படிப்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

பதில்: தங்கள் கேள்வியிலுள்ள நியாயம் எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சந்தாக் கடிதங்களை எழுதி அனுப்பிய எனக்கும் பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை அதே கதவு அடைக்கப்பட்டது. அடைக்கும்படி விதியை எடுத்துச் சொன்னவனும் ஒருவகையில் நானே என்பதால், யாரிடமும் முறையிட முடியவில்லை.

அலமாரியில் இருக்கும் புத்தகம் நூலகத்தின் சொத்து. விலை கொடுத்து வாங்கிவிட்ட பிறகு, அதை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்கிறவர் நூலகர்தான். மின்னிதழ் அப்படியல்ல. அது வாடகை வீட்டைப் போன்றது. எத்தனை ஆண்டுகள் பணம் கட்டியிருந்தாலும், உள்ளே யார் வரலாம் என்பதைப் பதிப்பகத்தோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தமே சொல்கிறது. அந்த ஒப்பந்தங்களில் ‘அனுமதி பெற்ற பயனாளர்’ யார் என்று விளக்கும் பகுதி ஒன்று தவறாமல் இருக்கும். தற்போது பதிவில் உள்ள மாணவர், தற்போது பணியில் உள்ள ஆசிரியர், அலுவலர் என்று அதில் எழுதியிருப்பார்கள். ‘தற்போது’ என்ற அந்த ஒரு சொல்தான் தங்களையும் என்னையும் வெளியே நிறுத்தியது.

பதிப்பகங்கள் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்றால், சந்தாவின் விலையைப் பெரும்பாலும் கல்வி நிறுவனத்தின் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையை வைத்தே பேசுகின்றன. பழைய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகுமே தவிர இறங்காது. அதோடு, வெளியேறியவர்களில் பலர் மருந்து நிறுவனங்களிலும் சட்ட அலுவலகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறார்கள். அந்த நிறுவனங்கள் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டிய சந்தாவை, ஊழியரின் பழைய கல்லூரிக் கணக்கே ஈடுகட்டிவிடும் என்பது பதிப்பகங்களின் கணக்கு. திருமங்கலத்தில் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை இந்தக் கணக்கில் சிக்கிக்கொள்வது வருத்தத்திற்குரியதுதான்.

முன்னாள் மாணவருக்கென்று தனி உரிமம் விற்கும் பதிப்பகங்களும் தொகுப்புகளும் இருக்கின்றன. ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளை இணையத்தில் தரும் ஜேஸ்டோர் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில கூடுதல் பணம் கட்டி இவ்வசதியைத் தம் பழைய மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கின்றன. நம் பக்கத்தில் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கும் நினைவு வளைவுக்கும் பணம் திரட்டுகின்றன. ஒரு தரவுத்தளத்தின் முன்னாள் மாணவர் உரிமத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நூலகரிடம் கேட்டு அறியும்படி தங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து பாருங்கள். ஆயுள் உறுப்பினருக்கு அதற்கான உரிமை உண்டு.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாங்கள் பணியாற்றும் கல்லூரியின் நூலகத்தில் ‘என்-லிஸ்ட்’ உறுப்பினர் கணக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தருவதற்காக நடத்தும் திட்டம் அது. அரசு உதவி பெறாத கல்லூரிகளும் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அதில் சேர இடமுண்டு. சேர்ந்த கல்லூரியில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்கும், வீட்டிலிருந்தே படிக்கலாம். கல்லூரி ஏற்கெனவே பணம் கட்டியிருந்தும், ஆசிரியர்களின் பட்டியலை யாரும் பதிவேற்றாததால் கணக்குகள் திறக்கப்படாமலே கிடந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்.

திருநகர் வாசகர்: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். 1895-இல் பெரியாறு அணை கட்டப்பட்ட பிறகு மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களின் பராமரிப்பு எப்படி மாறியது என்பதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வருகிறேன். ஒரு கல்வி நிறுவன நூலகத்துக்குப் போனபோது, அடையாள அட்டை இல்லை என்று வாசலிலேயே காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். வெளியாட்கள் உள்ளே போவதற்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, ஐயா. ஆனால் அது காவலர் நிற்கும் வாசலிலிருந்து தொடங்குவதில்லை. அவருக்குச் சொல்லப்பட்டிருப்பது அட்டையைப் பார் என்பது மட்டுமே. நூலகருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கடிதத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ‘நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால், அது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘கண்மாய்ப் பாசனம் குறித்து நூல் எழுதுகிறேன், தங்கள் நூலகத்தில் மட்டுமே கிடைக்கும் இந்த நான்கு கட்டுரைகளையும் இந்த ஆய்வேட்டையும் இரண்டு நாள்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வீட்டுக்கு எதையும் எடுத்துச் செல்ல மாட்டேன்’ என்று, தேதியும் கட்டுரைத் தலைப்புகளும் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆதார் நகல் ஒன்றை இணையுங்கள். அறிமுகமான பேராசிரியர் ஒருவர் இரண்டு வரி பரிந்துரை எழுதித் தந்தால் இன்னும் நல்லது. இப்படி வரும் கடிதத்தை மறுக்க எந்த நூலகருக்கும் மனம் வராது. பார்வையாளர் கட்டணமோ காப்புத்தொகையோ உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்பட்டால், தேனி சாலையில் பல்கலை நகர் வரையில் பேருந்தில் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

உள்ளே நுழைந்த பிறகு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் ‘நேரில் வந்து படிப்பவர்’ என்று ஒரு வகையினரையும் சேர்த்திருப்பார்கள். நூலகர்கள் பேச்சில் அவரை ‘வாக்-இன் யூசர்’ என்பார்கள். மாணவராகவோ ஆசிரியராகவோ இல்லாவிட்டாலும், நூலகத்தின் அனுமதியோடு அதன் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்பது இதன் பொருள். எல்லா ஒப்பந்தத்திலும் இது இராது. இருக்கும் தரவுத்தளங்கள் எவை என்று நூலகரிடம் நேராகக் கேளுங்கள். முன்னாள் மாணவர், வெளியூர் ஆய்வாளர், தங்களைப் போன்ற தனி ஆர்வலர் மூவருக்கும் சட்டப்படி திறந்திருக்கும் வாசல் இது, ஆனால் இப்படி ஒரு வகை இருப்பதே வெளியில் பலருக்குத் தெரிவதில்லை.

பதிப்பகத்தின் இணையதளம் தங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறீர்கள் என்று ஐ.பி. முகவரியைத்தான் பார்க்கிறது. கல்வி நிறுவனத்தின் இணைப்பாக இருந்தால் கதவு தானே திறந்துகொள்ளும். சென்ற ஆண்டு ஒரு நண்பர் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு நூலகத்துக்குள் போய், தம் மடிக்கணினியை விரித்து, தம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலேயே இணைத்துக்கொண்டு, காலை பத்து மணி முதல் பிற்பகல் வரை ‘கட்டுரையை வாங்க 40 டாலர்’ என்ற அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றடி தள்ளியிருந்த நூலகக் கணினியில் அதே கட்டுரை இலவசமாகத் திறந்தது. இணையப் பக்கத்தின் மேல் மூலையில் கல்வி நிறுவனத்தின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் தாங்கள் உள்ளே இருக்கிறீர்கள். தெரியாவிட்டால், நூலகக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் வெளியேதான் இருக்கிறீர்கள்.

கட்டுரையைத் தங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பலாமா, பென் டிரைவில் ஏற்றலாமா, அச்செடுக்க மட்டும்தான் விடுவார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். போகும்போது கட்டுரைகளின் முழு விவரத்தையும், அதாவது ஆசிரியர், இதழ், தொகுதி எண், பக்கம், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய்த் தேட ஆரம்பித்தால் மதிய உணவு நேரம் வந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் பொருளுக்குத் தேவையானவற்றில் பாதிக்கு மேல் எந்தப் பல்கலைக்கழகக் கதவையும் தட்டாமலே கிடைத்துவிடும். ஆங்கிலேய அதிகாரி நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடும், இன்னோர் அதிகாரியான பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரை கெஸட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பும் காப்புரிமைக் காலம் கடந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுமையாக இருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்ற தளத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்ததன் பயன் அது. அதில் கண்மாய், ஏரிப் பாசனம், வைகை என்று ஆங்கிலத்தில் தேடினால் தங்களுக்கு ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும். ஆய்வேட்டின் இறுதியிலுள்ள துணைநூற்பட்டியலை முதலில் படியுங்கள். தாங்கள் தேடிக்கொண்டிருக்கும் கட்டுரைகளை வேறொருவர் ஏற்கெனவே தேடி வரிசைப்படுத்தி வைத்திருப்பார்.

ஜேஸ்டோர் தளத்தில் தங்கள் மின்னஞ்சலைக் கொண்டு இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், முப்பது நாள்களுக்கு நூறு கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். பதிவிறக்கம் செய்ய முடியாது, எல்லா இதழ்களும் அடங்கவும் செய்யாது. ஆனால் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யின் பழைய இதழ்கள் அங்கே இருப்பதால், பாசனம் பற்றி எழுதுகிறவருக்கு அது பெரும் பொருள். நோட்டுப் புத்தகமும் பேனாவும் பழகிய தலைமுறை நாம். பதிவிறக்கம் இல்லாதது நமக்கு அவ்வளவு பெரிய குறையும் அல்ல. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, அதற்குக் கணக்குகூட வேண்டியதில்லை.

வீட்டில் இணைய வசதி சரியில்லை என்றால், புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அது பொது நூலகம், யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம்.

மேலூர் வாசகர்: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று செய்தித்தாளில் படித்தேன். ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் அரசே சந்தா கட்டிவிட்டதென்றால், நானும் என் கைப்பேசியில் படிக்கலாம் அல்லவா?

பதில்: இப்போதைக்கு இல்லை. பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், ஆனால் சந்தா நாட்டு மக்கள் அனைவருக்குமானதன்று. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும். பயன்படுத்தத் தகுதியுடையவை மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமே. அவை 6,300-க்கும் மேல். அவற்றிலுள்ள மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் ஏறத்தாழ 1.8 கோடிப் பேருக்கு வாசல் திறந்தது. தனியார் கல்லூரி மாணவரும், ஓய்வு பெற்றவரும், பள்ளி ஆசிரியரும் அந்தக் கணக்கில் இல்லை. இருந்தாலும், தங்களுக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரி நூலகங்களில் முன்பு இல்லாத இதழ்கள் இதனால் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருநகர் வாசகருக்குச் சொன்ன கடிதத்தை அங்கேயும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒத்தக்கடை வழக்கறிஞர்: நான் படித்த சட்டக் கல்லூரியில் இருந்த, நீதிமன்றத் தீர்ப்புகளைக் கட்டணத்துக்குத் தரும் தரவுத்தளங்கள் இப்போது எனக்குக் கிடைப்பதில்லை. தனியாகச் சந்தா கட்டும் நிலையிலும் இல்லை. என்ன செய்வது?

பதில்: தீர்ப்பின் வாசகம் மட்டும் போதுமென்றால் சந்தாவே தேவையில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்நீதிமன்றமே 2023 ஜனவரியில் தொடங்கிய ‘இ-எஸ்.சி.ஆர்.’ வழியாக இலவசமாகத் தருகிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், மதுரைக் கிளையினுடையவை உட்பட, இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளத்தில் தேடக் கிடைக்கும். தீர்ப்புகளை இலவசமாகத் தேடித்தரும் ‘இந்தியன் கானூன்’ தளத்தைத் தாங்கள் அறிந்தே இருப்பீர்கள். கட்டணத் தளங்கள் கூடுதலாகத் தருவது தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தம் தலைக்குறிப்புகளும், ஒரு தீர்ப்பு பின்னர் எங்கெங்கே பின்பற்றப்பட்டது, எங்கே மாற்றப்பட்டது என்ற தொடர்பு விவரமும்தான். அதற்கு மட்டும் வழக்கறிஞர் சங்க நூலகத்தை நாடுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: என் தங்கை ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து நான் இரவில் கட்டுரைகளை எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்துக்குள் இதில் என்ன தவறு என்கிறாள் அவள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டுரைகளைத் தரும் இணையதளங்களைப் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: சிக்கல் தங்கள் வீட்டோடு நிற்காது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், மாணவர் ஒருவர் தம் கடவுச்சொல்லை உறவினருக்குக் கொடுத்திருந்தார். அந்த உறவினர் கணினி தெரிந்தவர். ஓர் இதழின் முதல் தொகுதியிலிருந்து அத்தனையையும் தானே இறக்கிக்கொள்ளும்படி ஒரு நிரலை எழுதி, இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடிவதற்குள் பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து, ஒரு மாணவரின் கணக்கை மட்டுமன்றி எங்கள் நிறுவனத்தின் மொத்த இணைப்பையுமே மூடிவிட்டது. ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி வாரத்தில் இருந்த பிள்ளைகள் காலையில் வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள். மன்னிப்புக் கடிதமும் இனி நடக்காது என்ற உறுதிமொழியும் எழுதி அனுப்பி, இணைப்பு திரும்பி வர ஒன்பது நாள்களாயின. கணக்கு யாருடையது என்பது பதிவில் தெளிவாக இருந்ததால், அந்த மாணவர் துறைத்தலைவர் முன் நிற்க வேண்டியிருந்தது. உறவினரை யாரும் கேட்கவில்லை.

தாங்கள் நிரல் எழுதப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிடிபட்டால் பதில் சொல்லப் போகிறவள் தங்கை. சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டுரைகளைத் தரும் இணையதளங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பெயர் பெற்ற சை-ஹப்பைத் தடுக்கும்படி 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே அந்த வழியையும் விட்டுவிடுங்கள்.

தங்களுக்குத் தேவை தரவுத்தளம் அன்று, கட்டுரை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பைத் தேடி, அதன் கீழுள்ள ‘அனைத்துப் பதிப்புகள்’ இணைப்பைச் சொடுக்குங்கள். ஆசிரியர் தம் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்த படி அங்கே சிக்கக்கூடும். ‘அன்பேவால்’ என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொண்டால், முறைப்படி வெளியிடப்பட்ட இலவசப் படி எங்கேனும் இருந்தால் பக்க ஓரத்தில் ஒரு பச்சைப் பூட்டு திறந்திருப்பதைக் காட்டும். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். சுருக்கப் பக்கத்தில் அவர் முகவரி இருக்கும். ‘தங்கள் கட்டுரையைப் படிக்க விரும்புகிறேன், என்னிடம் சந்தா இல்லை, ஒரு படி அனுப்ப இயலுமா’ என்று மூன்று வரி போதும். கட்டுரை விற்கும் பணத்தில் பெரும்பாலும் அவருக்குப் பங்கில்லை. படிக்க ஓர் ஆள் கேட்கிறார் என்பதே அவருக்கு மகிழ்ச்சி. நான் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று நாள்களுக்குள் கட்டுரையோடு பதில் வந்திருக்கிறது. ஒருவர் அந்தக் கட்டுரையோடு, அதற்குப் பிறகு எழுதிய இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டு, உசிலம்பட்டிப் பக்கத்து மழைக்கணக்கு ஏதேனும் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டிருந்தார்.